"பார்ட் வந்துகிட்டு இருக்கு" என்றால் எங்கே வந்துகிட்டு இருக்கு?

கேள்வி கேட்டவர் திருத்துறைப்பூண்டிக்காரர். கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, மின்சார கார். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏறவில்லை. தஞ்சாவூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனதும் ஆன்போர்டு சார்ஜர் (வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும், வண்டிக்குள் இருக்கும் பெட்டி) போய்விட்டது, வாரண்டியில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அதோடு 47 நாள் ஓடிவிட்டது. எப்போது போன் போட்டாலும் "பார்ட் வந்துகிட்டு இருக்கு சார்" என்ற ஒரே பதில்தான். தவணை கட்டிக்கொண்டே பஸ்ஸில் போய் வருகிறேன், என்ன செய்யலாம், இனிமேல் மின்சார கார் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாதா என்று கேட்கிறார்.

இந்த வட்டாரத்தில் ஒரு டீலரிடம் பதினோரு வருடம் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். கடைசி நாலு வருடம் மின்சார வண்டிகளுக்கும் நான்தான் ஆர்டர் போட்டேன். "வந்துகிட்டு இருக்கு" என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதி நேரம் அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

அந்தச் சொல்லுக்குள் நாலு விதமான காத்திருப்பு ஒளிந்திருக்கிறது. வாரண்டியில் மாற்றக் கம்பெனி இன்னும் அனுமதி தராமல் இருக்கலாம். அனுமதி வந்தும் ஆர்டர் சரியாகப் போகாமல் இருக்கலாம். ஆர்டர் போயும் கம்பெனிக் கிடங்கிலேயே அந்தப் பொருள் இல்லாமல் இருக்கலாம். கடைசியாக, கிடங்கிலிருந்து கிளம்பி லாரியில் இருக்கலாம். இந்த நாலாவதுதான் உண்மையில் "வந்துகிட்டு இருக்கு". மற்ற மூன்றுக்கும் அதே பதிலைத்தான் சொல்வோம். ஆகவே "எப்போ சார் வரும்?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். இந்த நாலில் எதில் நிற்கிறது என்று கேளுங்கள்.

முதல் காத்திருப்பைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. பெட்ரோல் காரில் செல்ஃப் மோட்டார் எரிந்தால் மெக்கானிக் கழற்றிப் பார்த்து முடிவு செய்வார், அவ்வளவுதான். மின்சார காரின் பெரிய பாகங்களுக்கு அப்படி இல்லை. ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடு, போட்டோ, அளந்த வோல்டேஜ் எல்லாவற்றையும் கம்பெனியின் டெக்னிக்கல் டீமுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்துவிட்டு இன்னொரு சோதனை செய்து அனுப்பு என்பார்கள். ஹை வோல்டேஜ் பயிற்சி எடுத்த டெக்னீஷியன் அந்தக் கிளையில் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் லீவில் இருப்பார், இல்லையென்றால் திருச்சியிலிருந்து வியாழக்கிழமை வருவார். சோதனை முடிந்து பதில் போகும், அங்கிருந்து மறுபடி ஒரு சந்தேகம் வரும். இந்தப் போக்குவரத்திலேயே இரண்டு வாரம் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பார்ட்டுக்கு ஆர்டரே போயிருக்காது. வண்டிக்காரருக்கோ "வந்துகிட்டு இருக்கு".

இரண்டாவது, ஆர்டர். டீலர் போடும் ஆர்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வழக்கமான ஸ்டாக் ஆர்டர். மற்றது வண்டி ஓடாமல் நிற்கிறது என்று குறித்துப் போடும் அவசர ஆர்டர், அதை விஓஆர் என்போம். விஓஆர் என்றால் கிடங்கில் முதலில் எடுத்து வைப்பார்கள். அதை ஜாப் கார்டோடும் (வண்டியை விடும்போது திறக்கும் வேலைச் சீட்டு) சேசிஸ் நம்பரோடும் சேர்த்துப் போட வேண்டும் என்பதால், வேலை நெருக்கடியில் ஸ்டாக் ஆர்டரோடு சேர்த்து அனுப்பிவிடுவதும் நடக்கும். என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டிக்கு சேசிஸ் நம்பர் போட்டுப் பார்க்காமல், மாடல் பெயரை மட்டும் வைத்து ஆன்போர்டு சார்ஜர் ஆர்டர் போட்டேன். அந்த மாடலில் 3.3 கிலோவாட் சார்ஜர் வைத்த வண்டியும் உண்டு, 7.2 கிலோவாட் வைத்த வண்டியும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதினெட்டு நாள் கழித்து வந்த பெட்டியைப் பிரித்தால் உள்ளே 3.3. வண்டி 7.2. திருப்பி அனுப்பி மறுபடி ஆர்டர் போட்டு, அந்த மனிதரிடமும் "வந்துகிட்டு இருக்கு" என்றுதான் சொன்னேன். அவர் கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். இன்றைக்கும் அந்தத் தெருவழியாகப் போனால் எதிர்ப்பக்கம் நடப்பேன்.

மூன்றாவதுதான் பெரிய தலைவலி, கிடங்கிலேயே இல்லாத நிலை. பேக் ஆர்டர் என்பார்கள். இதற்கு நம் ஊரிலேயே கணக்கு இருக்கிறது. தை மாதம் சம்பா அறுவடையில் கதிர் அறுக்கும் மெஷினுக்கு பெல்ட் அறுந்தால், மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ ஏதாவது ஒரு கடையில் அன்றைக்கே கிடைத்துவிடும். ஏன்? அந்த ஒரு மாதத்தில் நூறு மெஷினுக்கு அந்த பெல்ட் அறுந்துபோகும் என்று கடைக்காரருக்குத் தெரியும், கார்த்திகையிலேயே வாங்கி அடுக்கிவிடுவார். ஆன்போர்டு சார்ஜர் அப்படியா? ஒரு டீலர் எல்லைக்குள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ போகும், போகாமலும் இருக்கும். அவ்வளவு விலையுள்ள பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தால் வட்டி யார் தலையில்? அதனால் பிரேக் பேட், வைப்பர், பம்பர், ஏசி ஃபில்டர் இவைதான் ஸ்டாக்கில் இருக்கும். மற்றது எல்லாம் வண்டி வந்து நின்ற பிறகுதான்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் போனது என்னவோ ஒரு சின்ன பாகமாக இருக்கலாம், ஒரு ஃப்யூஸோ ரிலேவோ. ஆனால் கம்பெனியின் பார்ட்ஸ் லிஸ்டில் உள்பாகத்துக்குத் தனி நம்பரே இருக்காது. முழுப் பெட்டியாகத்தான் தருவார்கள். முழுப் பெட்டியைச் செய்து தரும் சப்ளையரோ புது வண்டிகளுக்கும் அதே பெட்டியைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். புது வண்டி லைன் நின்றால் கம்பெனிக்கு நட்டம்; உங்கள் வண்டி நின்றால் உங்களுக்கு நட்டம். முதலில் எது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு வருடம் வடிவத்தை மாற்றுவதால் பழைய பார்ட் நம்பர் காலாவதியாகிப் புது நம்பர் வருவதும் உண்டு. புதுப் பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது, வண்டியின் மற்ற கம்ப்யூட்டர்கள் அதை ஏற்றுக்கொள்ள சாஃப்ட்வேரும் போட வேண்டும். அதனால்தான் அம்பாசடர் காலத்து சாமான்வரை தேடிப்பிடிக்கலாம் என்று பேர் எடுத்த சென்னை புதுப்பேட்டைக்குப் போனாலும் இந்த வேலை ஆகாது.

"சீனாவிலிருந்து வரவேண்டும் சார்" என்ற பதிலும் உங்களுக்கு வந்திருக்கலாம். அதில் பாதி உண்மை. 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்பட ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. மின்சார காரின் மோட்டாரில் இருக்கும் வலுவான காந்தம் சூட்டில் பலம் இழக்காமல் இருக்க இவை வேண்டும். இந்தியக் கம்பெனிகளும் அந்த வருடம் அதில் மாட்டித் தவித்தன. ஆனால் அது மோட்டார் சங்கதி. உங்களுக்கு வேண்டியது சார்ஜர். அதில் அந்தக் காந்தத்துக்கு வேலை இல்லை, மின்னணுச் சில்லுகள்தான். பம்பர் வராததற்கும் சீனாக் காந்தத்தைச் சொன்ன ஒரு சர்வீஸ் அட்வைசர் தம்பியை (வண்டிக்காரரிடம் பேசி வண்டியை வாங்கிக்கொள்கிறவர்) எனக்குத் தெரியும்.

நாலாவது, வழி. சார்ஜர் பெட்டி என்றால் கூரியரில் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். பேட்டரி பேக், அதாவது வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி, என்றால் கதை வேறு. லித்தியம் அயன் பேட்டரி ஆபத்தான சரக்கில் 9-ஆம் வகுப்பு. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்று 2016 ஏப்ரல் முதல் உலகம் முழுக்கத் தடை இருக்கிறது. நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி இருக்கும் கிடங்கிலிருந்து அதற்கென்று உள்ள பேக்கிங்கோடு லாரியில்தான் வரும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம். நாளைக்கு நேரில் போங்கள். சர்வீஸ் அட்வைசரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், பார்ட்ஸ் மேனேஜரையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஜாப் கார்டு எந்தத் தேதியில் திறந்தது, வாரண்டி அனுமதிக்கு எந்தத் தேதியில் அனுப்பினார்கள், அனுமதி வந்த தேதி, பார்ட் நம்பர், ஆர்டர் நம்பர், அது விஓஆரா சாதாரண ஆர்டரா, கம்ப்யூட்டரில் எந்தத் தேதி காட்டுகிறது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் நீங்களே எழுதி அவர்களுக்கு மெயில் போட்டுவிடுங்கள்: "இன்று நேரில் சொன்ன விவரம் இது, தவறு இருந்தால் திருத்தி அனுப்பவும்." சத்தம் போட வேண்டாம். சத்தம் போடுகிறவரை எங்களுக்குப் பழக்கம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். தேதியோடு மெயில் போடுகிறவரைக் கண்டால்தான் உள்ளே கொஞ்சம் பதறும்.

ஆர்டர் நம்பர் கையில் வந்ததும் கம்பெனியின் கஸ்டமர் கேரில் அதைச் சொல்லிப் புகார் பதிவு செய்யுங்கள். வண்டி நிற்கிறது என்று மொட்டையாகச் சொன்னால் அது திரும்ப அதே டீலருக்கே வரும். ஆர்டர் நம்பரோடு போனால் பார்ட்ஸ் பிரிவுக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. சில சமயம் வேறு ஊர் டீலரின் அலமாரியில் அதே பார்ட் சும்மா கிடக்கும். ஏரியா மேனேஜர் நினைத்தால் அதை இங்கே மாற்றிவிடலாம். மாற்று வண்டி, நின்ற நாட்களுக்கு வாரண்டி நீட்டிப்பு, இரண்டையும் அதே மெயிலில் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தானாகத் தருவதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை உங்களிடம் யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. ஆன்போர்டு சார்ஜர் வேலை செய்வது வீட்டு பிளக்கில், அதாவது ஏசி மின்சாரத்தில், சார்ஜ் போடும்போது மட்டும்தான். ரோட்டோர டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் மின்சாரம் அந்தப் பெட்டியைத் தொடாமல் நேரே பேட்டரிக்குப் போகும். ஆகவே பல வண்டிகளில் ஆன்போர்டு சார்ஜர் செத்துப்போனாலும் வண்டி ஓடும், ஃபாஸ்ட் சார்ஜும் ஏறும். சில மாடல்களில் மட்டும் 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வர்ட்டரும் அதே பெட்டிக்குள் இருக்கும்; அதுவும் போயிருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. உங்கள் வண்டி எந்த வகை என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். ஓட்டலாம் என்றால் அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுங்கள். பார்ட் வந்த பிறகு ஒரு நாள் விட்டால் போதும். தஞ்சாவூர் போய் ஃபாஸ்ட் சார்ஜ் போடுவது அலைச்சல்தான், ஆனால் 47 நாள் பஸ்ஸைவிட மேல். ஒரு எச்சரிக்கை: வண்டி உங்கள் கைக்கு வந்துவிட்டால் அவசர ஆர்டர் என்ற முத்திரையை எடுத்துவிடக்கூடும். அந்த ஆர்டர் அப்படியே இருக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எடுக்க முடியாத நிலை என்றால், யார்டில் நிற்கும் வண்டியை வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பெரிய பேட்டரி நாற்பதிலிருந்து அறுபது சதவீதத்துக்குள் இருந்தால் மாதக்கணக்கில் நின்றாலும் ஒன்றும் ஆகாது. பத்து சதவீதத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தால் அது இன்னும் இறங்கிச் செல்கள் கெட வழியுண்டு. மீட்டரை இன்றைய தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன 12 வோல்ட் பேட்டரி எப்படியும் இறங்கும். இறங்கினால் இல்லாத ஃபால்ட்டையெல்லாம் வண்டி காட்டும், அதைத் துரத்திக்கொண்டு இன்னும் ஒரு வாரம் போகும். அதன் டெர்மினலைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் எலி. டெல்டாவில் அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டி அவற்றுக்கு மாளிகை. ஆரஞ்சு நிற ஹை வோல்டேஜ் வயரின் உறையைக் கடித்துவிட்டால் மின்காப்புக் குறைவு என்று கண்டுபிடித்து வண்டி ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். எலிக்கடி வாரண்டியில் வராது. அந்த வயர்க் கட்டுக்கு மறுபடி ஆர்டர், மறுபடி "வந்துகிட்டு இருக்கு".

பொறுக்க முடியாமல் வெளி ஆளிடம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லலாமா என்று தோன்றும். இ-ரிக்‌ஷா பேட்டரி பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் வந்துவிட்டார்கள், அவர்களில் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் இ-ரிக்‌ஷா 48 வோல்ட், உங்களுடையது போன்ற கார்கள் பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி. தவறித் தொட்டால் உயிர் போகும். தப்பினாலும் வாரண்டி போகும். வேண்டாம்.

சட்டத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பதிவு செய்தால் புகார் கம்பெனிக்குப் போகும். பாதிப் பேருக்கு அதிலேயே ஏதாவது அசைவு தெரியும் என்பது என் அனுபவம். அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவாரூரிலேயே, வழக்குப் போடலாம். தஞ்சாவூருக்கோ கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கோ ஓட வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். பத்திலிருந்து இருபது லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும். அதனால் வழக்குப் போட்டால் பார்ட் சீக்கிரம் வரும் என்று நினைக்காதீர்கள். அது நட்ட ஈட்டுக்கான வழி. அங்கேயும் அந்த மெயில்கள்தான் பேசும்.

உங்களுடையது வாரண்டி கேஸ். விபத்தோ வெள்ளமோ என்றால் இன்னொரு காத்திருப்பு சேரும், சர்வேயர், அதாவது இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுகிறவர். வெளியே பார்த்து ஒரு எஸ்டிமேட் போடுவார்கள், பிரித்தபின் உள்ளே இன்னும் நாலு பாகம் போயிருக்கும், அதற்கு அவர் மறுபடி வர வேண்டும். ஆகவே முதல் தடவையே முழுக்கப் பிரித்துவிட்டுச் சர்வேயரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகைக்கு முன் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். வழக்கமான பாலிசியில் பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பெட்ரோல் காரில் அது சின்ன பேட்டரி, யாரும் கவலைப்படுவதில்லை. மின்சார காரில் வண்டி விலையில் பெரிய பங்கு பேட்டரிதான். தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன் (பாலிசியோடு கூடுதல் பணம் கட்டிச் சேர்ப்பது), பேட்டரிக்கான ஆட்-ஆன் இரண்டும் இல்லாமல் இந்த ஊரில் மின்சார கார் வைத்திருக்கக் கூடாது. பல பேக்குகளுக்கு ஐபி67 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். மூன்று நாள் வடியாத தண்ணீருக்கு அந்தக் கணக்குச் செல்லாது. ரிப்பேர் செலவு பாலிசியில் போட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நட்டமாகக் கணக்கிட்டு முடித்துவிடுவார்கள். வருடக்கணக்கில் பேக்குக்குக் காத்திருப்பதைவிட அது சில சமயம் நல்லது.

பார்ட் வருவதற்குள் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. மூன்று வருடத்தில் சார்ஜர் ஏன் போனது? பெட்டியே மோசமாக இருந்திருக்கலாம். ஆனால் நம் பக்கம் கரண்ட் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் பம்பு மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதும், எல்லாம் நின்றதும் ஏறுவதும் உங்களுக்கே தெரியும். பழைய வீடு என்றால் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போனால் சரி செய்யாமல் புதுச் சார்ஜரை அந்த பிளக்கில் மாட்டாதீர்கள். மெயின் போர்டில் இடி, மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் ஒரு எஸ்பிடியும் போட்டுவிடுங்கள். இரண்டாவது முறை போனால் வீட்டு வயரிங் காரணம் என்று சொல்லி வாரண்டியைத் தட்டிக்கழிக்க அவர்களுக்கு வசதியாகிவிடும்.

அடுத்து மின்சார கார் வாங்கலாமா என்றீர்கள். ஓடும் செலவைப் பார்த்தால் நான் வாங்குவேன். ஆனால் ஷோரூமில் காபி கொடுக்கிறவரிடம் கேட்காமல் பின்பக்கம் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போவேன். போன வருடம் இந்த மாடலுக்கு எந்தப் பார்ட் ரொம்ப நாள் வராமல் இருந்தது என்று கேட்பேன். ஹை வோல்டேஜ் வேலை தெரிந்தவர் இந்தக் கிளையிலேயே இருக்கிறாரா, திருச்சியிலிருந்து வர வேண்டுமா என்று கேட்பேன். யார்டில் தூசி படிந்து நிற்கும் வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, எந்த மாடல் எத்தனை நிற்கிறது என்று எண்ணுவேன்.

உங்கள் வண்டிக்குப் பார்ட் வந்ததும் போன் வரும், உடனே ஓடிப்போய் சாவியை வாங்கிவிடாதீர்கள். அங்கேயே 15 ஆம்ப் பிளக்கில் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறுவதை உட்கார்ந்து பாருங்கள். புதுப் பெட்டியின் சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு எடுங்கள்.